பத்து மில்லிமீட்டர்ல எடுத்த வீடு

தப்பா நெனைக்காதீங்க சார், உங்க போனை எட்டிப் பாத்துட்டனுங்க. பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு பாக்காம இருக்க முடியலீங்க. கோயமுத்தூர்ல ஏறினதுல இருந்து அந்த ரெண்டு லென்ஸையே மாத்தி மாத்திப் பாக்கறீங்க. திருப்பூர் வந்துருச்சு, இன்னும் முடிவுக்கு வந்த மாதிரி தெரியல. ஒண்ணு பத்து-இருபது, இன்னொண்ணு பன்னெண்டு-இருபத்திநாலு. சரிதானுங்களே?

எனக்கும் கேமராதானுங்க தொழில். பேரு திருமூர்த்தி. பத்தொம்பது வருஷம் கல்யாணம் எடுத்தேன், இப்ப ஆறு வருஷமா வீடு. வீடுன்னா வீட்டையே எடுக்கறதுங்க. அப்பார்ட்மெண்ட் கட்டறவங்க விக்கறதுக்காக நெட்ல போடுவாங்க இல்லீங்க, ஹாலு, சமையல்கட்டு, பாத்ரூமுன்னு வரிசையா, அந்தப் போட்டோ.

நீங்க எதுக்குங்க வாங்கறீங்க? கோயிலுங்களா? அப்ப யோசிக்காதீங்க, பன்னெண்டு வாங்கிக்குங்க. கோபுரத்த அண்ணாந்து எடுத்தா எந்த லென்ஸுலயும் சாயத்தான் செய்யும், பத்துல நெம்ப சாயும். பன்னெண்டுல தூணெல்லாம் தூணாவே நிக்கும். ஆள மட்டும் ஓரத்துல நிறுத்தாதீங்க, மூஞ்சிய இழுத்து விட்டுரும்.

நம்பரு கொறையக் கொறைய லென்ஸு அகலமா வாங்கும்னு உங்களுக்கே தெரியும். ரெண்டே ரெண்டு மில்லிமீட்டர், அதுல என்ன வந்துரப்போகுதுன்னு நெனைக்கறீங்க. இல்லீங்களா? உங்க மூஞ்சில தெரியுது. அந்த பத்து-இருபது எங்கிட்ட இருக்குதுங்க. அதோ, மேல கருப்புப் பைல. எடுத்துக் காட்டறேன், அவசரமில்ல. நான் அத வாங்குன கதையச் சொல்றேன். யாருகிட்டயும் சொன்னதில்லீங்க, என்ற சம்சாரத்துகிட்ட கூட. நீங்க சேலத்துல எறங்கீருவீங்க, அதுனால சொல்றேன்னு வெச்சுக்குங்க.

காந்திபுரத்துல ரபீக் பாயின்னு ஒருத்தரு, பழைய கேமரா வாங்கி விக்கறவரு. அவரு கண்ணாடி மேசைல நீங்க பாக்கற இதே ரெண்டையும் எடுத்து வெச்சாரு. பன்னெண்டு நல்ல லென்ஸு, கோடெல்லாம் நேரா வரும், நாளைக்கு விக்கறதா இருந்தாலும் நானே வாங்கிக்கறேன்னாரு. நல்ல மனுஷன், அவரு மேல குத்தமில்லீங்க. கடைக்குப் பின்னாடி ஒரு ஸ்டோர் ரூம் வெச்சிருந்தாரு. ஒரு ஆள் உள்ள போனா இன்னொரு ஆள் வெளிய வரோணும், அப்படி ஒரு ரூமு. அங்க போய் ரெண்டையும் மாட்டி எடுத்துப் பாத்தேன். பன்னெண்டுல எடுத்தது ஸ்டோர் ரூம் மாதிரியே இருந்துச்சு. கொஞ்சம் பெரிய ஸ்டோர் ரூம். பத்துல எடுத்தனுங்க. பாய் கேமராவ வாங்கிப் பாத்துட்டு, "இது என் கடையா? இவ்வளவு எடம் இருந்தா நான் எதுக்குப்பா ரோட்ல சேர் போட்டு உக்காந்திருக்கேன்"னாரு.

சிரிச்சோமுங்க ரெண்டு பேரும். அவரு கண்ணுல தண்ணி வந்துருச்சு.

பத்தையே எடுத்துட்டு வந்தேன். நல்லது எதுன்னு தெரியாம எடுக்கலீங்க, தெரிஞ்சுதான் எடுத்தேன். எனக்கு வேல குடுக்கற கம்பெனில மேனேஜர் கார்வேந்தன் சாருன்னு ஒருத்தரு. பேசறப்பல்லாம் ஒரே வார்த்ததான். "திருமூர்த்தி, ரூமு மூச்சு விடோணும். மூச்சு விடற மாதிரி எடுங்க." பழைய லென்ஸுல எடுத்தா ரூமு மூச்சு விடலீங்க. பத்துல விட்டுச்சு.

டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா? சரி.

வடவள்ளிப் பக்கம் அந்தக் கம்பெனி ஒண்ணு கட்டுச்சு. கம்பெனி பேரு வேண்டாமுங்க. அஞ்சு மாடி, லிஃப்டு, வாசல்ல சாய்தளம், எல்லாம் முறையாத்தான் இருந்துச்சு. மூணாவது மாடில சி-ன்னு ஒரு வீட்ட எடுக்கச் சொன்னாங்க. ஹாலு பரவால்லீங்க, நல்ல வெளிச்சம். பாத்ரூமுதான். நாலடி அகலம், ஏழடி நீளம். நானு குழாய் மூலைல முதுக ஒட்டி, கேமராவ சுவத்துல சாத்தி, தலைய ஒரு பக்கமாச் சாய்ச்சு எடுத்தேன். பத்துல வெச்சு எடுத்தேன். எடுத்துட்டுப் பாத்தா, எதுத்த சுவரு எங்கியோ போயிருச்சுங்க. வாஷ் பேசினுக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு கட்டில் போட்டுரலாம் போல இருந்துச்சு.

கார்வேந்தன் சாரு பாத்துட்டு என்ற தோள்ல தட்டுனாரு. போட்டோவுக்கு ஓரத்துல உங்க பேரும் நம்பரும் போட்டுக்குங்கன்னாரு. அதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லீங்க. போட்டுக்கிட்டேன்.

ஒரு மாசம் இருக்குமுங்க. மத்தியானம், மெடிக்கல் கடைல நின்னுட்டிருக்கேன், வெளிநாட்டு நம்பர்ல இருந்து போன் வருது.

"ண்ணா, வணக்கமுங்ணா. நான் மஸ்கட்ல இருந்து பேசறனுங்ணா, பேரு பிலோமி. இங்க ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கேன். வடவள்ளி வீட்டு போட்டோ நீங்கதான எடுத்தீங்க? ஓரத்துல நம்பர் இருந்துச்சு."

ஆமாம்மான்னேன். அந்தப் புள்ள சொல்லுச்சுங்க. தம்பி ஒருத்தன், அமலதாஸுன்னு. டைல்ஸ் ஒட்டற வேல. மூணு வருஷம் முன்னாடி சாரம் சரிஞ்சு விழுந்து முதுகெலும்புல அடி. இடுப்புக்குக் கீழ எதுவும் இல்ல. அம்மாவும் தம்பியும் கருமத்தம்பட்டில ஒரு வாடகை வீட்ல இருக்காங்க, வாசல்ல ஆறு படி, தம்பி வெளிய வந்தே ரெண்டு மாசமாச்சுன்னு. இந்தப் புள்ள பதினொரு வருஷமா மஸ்கட். லீவு கெடைக்கல. போன்லயே நாப்பது வீடு பாத்திருக்குது.

"மத்ததெல்லாம் சரியா இருக்குங்ணா. லிஃப்டு இருக்கு, சாய்தளம் இருக்கு. பாத்ரூம் ஒண்ணுதான் சந்தேகம். பிளான்ல நாலுக்கு ஏழுன்னு போட்டிருக்காங்க. போட்டோல பாத்தா அவ்வளவு பெருசா இருக்குது. எத நம்பறதுன்னே தெரியல. வீல்சேர் உள்ள போய் திரும்புமாங்ணா? நீங்க உள்ள நின்னு எடுத்தவங்க. நீங்க சொன்னா நான் நம்பிருவேன்."

நான் என்ன சொன்னேன்னு வார்த்தைக்கு வார்த்த ஞாபகம் இருக்குதுங்க. "போட்டோல என்ன இருக்குதோ அதுதாம்மா அங்க இருக்கு"ன்னேன். இதுல பொய் இல்லீங்க. நீங்களே சொல்லுங்க, இதுல பொய் இருக்குதுங்களா? அந்தப் போட்டோல இருந்த கமோடு அங்க இருந்துச்சு, பேசின் இருந்துச்சு, ஜன்னல் இருந்துச்சு. ஒண்ணையும் நான் கம்ப்யூட்டர்ல வெச்சு ஒட்டல. சில பேரு ஒட்டறாங்க, தெரியுமுங்களா? ஆகாசத்தையே மாத்தறாங்க. நான் அதெல்லாம் பண்றதில்ல.

ஆனா அதோட நிறுத்தியிருக்கோணும். அந்தப் புள்ள, "அப்ப பிளான்ல நாலடின்னு போட்டிருக்கறது?"ன்னு இன்னொருக்கா கேட்டுச்சு. "பிளான்ல எல்லாம் கொறச்சுத்தாம்மா போடுவாங்க"ன்னுட்டேன்.

அது எங்கிருந்து வாய்ல வந்துச்சுன்னு தெரியலீங்க. பிளான்ல யாராச்சும் கொறச்சுப் போடுவாங்களா? மெடிக்கல் கடைக்காரன் வேற மாத்திரைய நீட்டிட்டு நிக்கறான். பின்னாடி ரெண்டு பேரு நிக்கறாங்க. கார்வேந்தன் சாரு அப்பத்தான் அடுத்த சைட்டும் எனக்கேன்னு சொல்லியிருந்தாரு. இதெல்லாம் காரணமான்னா, இல்லீங்க. கேட்டா சொல்லிக்கறதுக்கு வெச்சிருக்கேன், அவ்வளவுதான். யாரும் கேக்கல.

"நெம்ப நன்றிங்ணா, மனசு லேசாயிருச்சு"ன்னு வெச்சிருச்சு.

அப்பறம் நான் அத மறந்துட்டேன். நெசமாத்தான் சொல்றேன், சுத்தமா மறந்துட்டேன். அதுதானுங்க இப்ப நெனச்சா நெம்ப சங்கட்டமா இருக்கறது. ஒரு ராத்திரியாச்சும் தூங்காம கெடந்திருந்தேன்னா சொல்லிக்கலாம். நல்லாத் தூங்குனேன்.

அஞ்சு மாசம் கழிச்சு அதே புள்ள கூப்புடுது. இந்தத் தடவ நம்மூர் நம்பரு.

"ண்ணா, லீவுல வந்திருக்கனுங்ணா. ஒரே ஒரு உதவி பண்ணோணும். கம்பெனிக்காரங்க எங்கள ஏமாத்திட்டாங்க. வேற எதோ பெரிய வீட்டு போட்டோவக் காட்டிட்டு இத எங்க தலைல கட்டிட்டாங்க. வீல்சேர் பாத்ரூம் கதவுக்குள்ளயே போகல. சனிக்கிழம மேனேஜர வரச் சொல்லியிருக்கேன். நீங்க வந்து, நான் எடுத்த வீடு இதில்லன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

போகாம இருந்திருக்கலாம். ஊர்ல இல்லன்னு சொல்லியிருக்கலாம். எனக்கே தெரியல, ஏன் போனேன்னு. அந்தப் புள்ள என்ற மேல ஒரு கோவமும் படாம பேசுச்சு பாருங்க, அதுனால இருக்கும்.

சனிக்கிழம காத்தால பதினொரு மணி. பழக்கத்துல கேமராப் பையத் தூக்கிட்டே போயிட்டேன். கதவத் தொறந்தது அம்மா. அறுபத்தஞ்சு இருக்கும், ஒல்லியான உடம்பு, வலது மணிக்கட்டுல பட்டையாத் துணி சுத்தியிருந்துச்சு. என்னாச்சும்மான்னு கேட்டேன். சுளுக்குங்க சாமின்னாங்க. ஹால்ல ஜன்னலோரம் அமலதாஸு வீல்சேர்ல. முப்பத்தி ரெண்டு முப்பத்தி மூணு வயசிருக்கும். தோளும் கையும் மட்டும் இன்னும் வேல செஞ்ச ஆளு மாதிரியே இருந்துச்சு. "வாங்க"ன்னு ஒரு வார்த்த சொன்னாப்ல.

பிலோமி என்ற கைய புடிக்காத கொறையா பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போச்சு. நானும் புதுசா பாக்கற மாதிரி பாத்தனுங்க. கதவு நிலை ரெண்டு பக்கமும் முழங்கால் உசரத்துல கருப்பு கருப்பா தேஞ்சிருந்துச்சு. சக்கரம் உரசி உரசி. உள்ள ஒரு செவப்பு பிளாஸ்டிக் சேரு. கதவு வரைக்கும் வீல்சேர்ல கொண்டு வந்து, அங்கிருந்து அந்தம்மா மகனை அக்குள்ல கை குடுத்துத் தூக்கி அந்தச் சேர்ல வெக்கறாங்களாம். தெனமும். மூணு வேள நாலு வேள. அப்பத்தானுங்க மணிக்கட்டு எனக்குப் புரிஞ்சுச்சு.

"பாருங்ணா, போட்டோல இருக்கறதுல பாதி கூட இல்ல. இது அந்த வீடு இல்லதான?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அதோட போன் அடிச்சுச்சு. மேனேஜர் கீழ வந்துட்டாரு. இருங்ணா கூட்டிட்டு வந்தர்றேன்னு போயிருச்சு. அம்மா காப்பி போட சமையல்கட்டுக்குள்ள போயிட்டாங்க. ஹால்ல நானும் அமலதாஸும்.

அப்பறம் அந்தாளு மெதுவாச் சொன்னாப்ல: "இந்த வீடுதானுங்க அது."

நான் பாத்தேன்.

"போட்டோல தரைல டைல்ஸ எண்ணிப் பாத்தனுங்க. ஒரு அடிக்கு ஒரு அடி டைல்ஸு அது. அகலத்துல நாலு, நீளத்துல ஏழு. அக்கா மொத மொத அனுப்புன அன்னிக்கே எண்ணிட்டேன். எத்தன பெருசாக் காட்டுனாலும் டைல்ஸு எண்ணிக்க மாறாதுங்களே."

"அப்ப ஏனுங்க உங்க அக்காகிட்ட சொல்லல?"ன்னேன். கேட்டேன் பாருங்க, நானு! கேக்கறதுக்கு என்ன யோக்கியத இருக்குன்னு கூட தோணல.

"அக்கா அன்னிக்குப் போன்ல சிரிச்சுச்சுங்க. நான் விழுந்ததுக்கப்பறம் அது சிரிச்சு நான் கேட்டதே இல்ல. நாப்பது வீடு பாத்துச்சு. நாலு டைல்ஸுதான் இருக்குதுன்னு சொல்லி அத நாப்பத்தி ஒண்ணாவது வீடு தேட விடறதா? சேர் போட்டு சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன். அம்மா கை இப்படி ஆகும்னு நெனைக்கல."

அதுக்கப்பறம் என்ற பையப் பாத்துட்டு, "அந்த லென்ஸு இதுக்குள்ள இருக்குதுங்களா? பாக்கலாங்களா?"ன்னு கேட்டாப்ல. எடுத்துக் குடுத்தேன். முன் கண்ணாடி உருண்டையா இருக்குமுங்களே, அத வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து, வளையத்த இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாப்ல. கோவமா இல்லீங்க. ஒரு வேலக்காரன் இன்னொரு வேலக்காரனோட சாமானப் பாக்கற மாதிரி.

"எங்க வேலைலயும் உண்டுங்க. சின்ன ரூமுல டைல்ஸ நேரா ஒட்டாம குறுக்கால ஒட்டுனா ரூமு பெருசாத் தெரியும். நானே எத்தனையோ வீட்ல ஒட்டியிருக்கேன்." லென்ஸ திருப்பிக் குடுத்துட்டுச் சொன்னாப்ல, "ஆனா வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிட்டுத்தான் ஒட்டுவோம்."

குத்திக் காட்டுனாப்லயா, இல்ல சும்மா சொன்னாப்லயா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க.

லிஃப்டு சத்தம் கேட்டுச்சு. கார்வேந்தன் சாரு வந்தாரு, கைல பைலு, மூஞ்சில சிரிப்பு. என்னப் பாத்ததும் சிரிப்பு கொஞ்சம் கொறஞ்சுச்சு, அப்பறம் கூடுச்சு. "அட, திருமூர்த்தியே இருக்காரே. நல்லதாப் போச்சு மேடம். அவருதான் எடுத்தாரு, அவருகிட்டயே கேட்டுக்கலாம். சொல்லுங்க திருமூர்த்தி, நீங்க எடுத்தது எந்த வீடு?"

பிலோமி என்னப் பாக்குது. சமையல்கட்டு வாசல்ல அம்மா டம்ளரோட நிக்கறாங்க. அமலதாஸு மட்டும் என்னப் பாக்கல, ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டு இருந்தாப்ல.

"இந்த வீடுதானுங்க சார்"ன்னேன்.

உண்மதானுங்களே. பச்ச உண்மை. அதோட நிறுத்திட்டேன். அதுக்கு மேல சொல்லவேண்டியது இருந்துச்சு இல்லீங்களா, அது வரல.

"பாத்தீங்களா மேடம். பிளான்லயும் நாலுக்கு ஏழுன்னுதான் இருக்கு, நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்லயும் அதுதான் இருக்கு. போட்டோவும் இதே வீடு. நாங்க எதையும் மறைக்கல."

அந்தப் புள்ள பாத்ரூம் பக்கம் திரும்பிப் பாத்துச்சு. கைல இருந்த போனப் பாத்துச்சு, போட்டோ அதுல தொறந்திருந்துச்சு. மறுக்கா பாத்ரூமப் பாத்துச்சு. "அப்ப எனக்குத்தான் சரியாப் பாக்கத் தெரியலீங்களா"ன்னு தனக்குத்தானே சொல்ற மாதிரி சொல்லுச்சு. அப்பறம், கேளுங்க சார், அந்தப் புள்ள கார்வேந்தன் சாரப் பாத்து, "சாரிங்க சார். போன்ல நெம்பக் கத்திட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க"ன்னுச்சு.

மன்னிப்புக் கேக்குதுங்க. அவருகிட்ட. என்ற முன்னாடி.

"பரவால்ல மேடம், புரியுது"ன்னு அவரு பெரிய மனசு பண்ணிட்டு எறங்கிப் போனாரு. போறப்ப எனக்குக் கண்ணக் காட்டிட்டுப் போனாரு.

அவரு லிஃப்டுல எறங்குன சத்தம் கேட்டதுக்கப்பறம்தான் நான் சொன்னேன். அவரு இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். அவரு முன்னாடி சொன்னா அந்தப் புள்ளைக்குத்தான் சங்கட்டம்னு நெனச்சேன். சரி, அப்படி நெனைக்கல. இப்பத்தான் தோணுச்சு, சொல்லிப் பாத்தேன்.

"பிலோமி, ஒரு நிமிசம் இங்க வாம்மா"ன்னு பாத்ரூம் வாசலுக்குக் கூப்புட்டேன். லென்ஸ மாட்டி, அன்னிக்கு நின்ன அதே மூலைல ஒண்டி நின்னு, கேமராவ அது கைல குடுத்துத் திரையப் பாக்கச் சொன்னேன். வளையத்த பத்துல வெச்சேன். எதுத்த சுவரு தூரமாப் போச்சு. இருபதுக்குத் திருப்பினேன், சுவரு கிட்ட வந்துச்சு. பத்து. இருபது. பத்து. அதுவே வளையத்த ஒருக்கா திருப்பிப் பாத்துச்சு. நான்தான் பேசிட்டே இருந்தேன். வைட் ஆங்கிள்னா இப்படித்தான்மா, எல்லாருமே இதுலதான் எடுப்பாங்க, இது பொய்னு இல்ல, பக்கத்துல இருக்கறது பெருசாவும் தூரத்துல இருக்கறது சின்னதாவும்... என்னென்னமோ. சுவரு தள்ளிப் போற மாதிரி நானும் பேச்சுல தள்ளித் தள்ளிப் போயிட்டே இருந்தேன்.

"இது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"ன்னு கேட்டுச்சு.

"தெரியும்."

"நான் போன்ல கேக்கறப்ப?"

தலைய ஆட்டுனேன்.

திட்டும்னு எதிர்பாத்தனுங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கேமராவத் திருப்பிக் குடுத்துட்டு, மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, நேரா வேலைக்கு வந்துருச்சு. ஆஸ்பத்திரில அப்படிப் பழகியிருக்கும் போல.

"என்கூட வேல பாக்கற ரெண்டு பேரு, இதே பில்டிங்ல வீடு புக் பண்ணப் போறாங்க. உங்க போட்டோவப் பாத்துதான். ஒருத்தவங்களுக்கு மாமியார் நடக்கமாட்டாங்க. நாளைக்கு அட்வான்ஸு. இந்த பாத்ரூம இருக்கற மாதிரி எடுத்துக் குடுங்க சார். நான் அனுப்பிர்றேன்."

சார்னுச்சு. அதுவரைக்கும் ண்ணா.

"எடுக்கறேம்மா"ன்னேன். வளையத்த இருபதுல வெச்சு, பாத்ரூமுக்கு வெளிய நடைல நின்னு பாத்தேன். வெறும் சுவரும் தரையுமாத் தெரிஞ்சா பாக்கறவங்களுக்கு அளவு புரியாதேன்னு யோசிச்சுட்டு நிக்கறப்ப, பின்னாடி அமலதாஸு சொன்னாப்ல: "என்ன வெச்சு எடுங்க. கதவுல வந்து நிக்கறேன். அப்பத்தான் தெரியும்."

"வேண்டாம்டா"ன்னுச்சு அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. சட்ட மட்டும் மாத்திக்கறேன். அம்மா, அந்த நீலச் சட்ட."

அம்மா இஸ்திரி போட்ட சட்டையக் கொண்டு வந்து போட்டு விட்டாங்க. தலை சீவிக்கிட்டாப்ல. வீல்சேரத் தள்ளிக்கிட்டுப் போய் கதவு நிலைல முட்டி நிறுத்துனாப்ல. உள்ள செவப்புச் சேரு தெரியுது. சக்கரம் ரெண்டும் நிலைல இடிச்சு நிக்குது. என்னத் திரும்பிப் பாத்து, கல்யாண வீட்ல நிக்கற மாதிரி நேரா உக்காந்தாப்ல. பத்தொம்பது வருஷம் ஜனங்கள எடுத்திருக்கேன் சார். அந்த ஒரு போட்டோ மட்டும் ஒரே தடவைல வரல. மூணு எடுத்து, ஒண்ணு உருப்படியா வந்துச்சு.

எடுத்து அது போனுக்கு அனுப்புனேன். அனுப்பிட்டு, எனக்கு ஒண்ணு தோணுச்சுங்க. தோணுனத உடனே சொல்லியும் போட்டேன். "பிலோமி, இத நான் எடுத்தேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா..." அப்படின்னேன்.

இந்த வாய வெச்சுக்கிட்டு என்ன பண்றதுங்க.

"சொல்லலீங்க"ன்னுச்சு.

ஆமா, இப்ப எப்படி இருக்காங்கன்னு கேப்பீங்க. அந்த பாத்ரூம் கதவையும் நிலையையும் பேத்து எடுத்துட்டாங்களாம். அமலதாஸு பழகுன கொத்தனாரக் கூட்டிட்டு வந்து, தானே பக்கத்துல உக்காந்து சொல்லிச் சொல்லி வேல வாங்குனாப்லயாம். இப்ப ஒரு திரைதான் தொங்குது. வீல்சேர் உள்ள போகுது, ஆனா திரும்பாது, பின்னாடியே வரோணும். தூக்கற வேல இல்ல. பிலோமி இந்த வருஷம் மஸ்கட்ட விட்டுட்டு ஊரோட வந்தர்றதா இருந்துச்சாம், வரல. இன்னும் மூணு வருஷம் அங்கியே வேல பாக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சு. இதெல்லாம் அந்த பில்டிங் வாட்ச்மேன் சொன்னதுதான். நான் மறுக்கா அந்த மாடிக்குப் போகல.

அந்தக் கம்பெனிய விட்டுட்டேன்னு சொல்லோணும்னு ஆசையாத்தான் இருக்குதுங்க. விடல. கார்வேந்தன் சாருக்கு எதுவும் தெரியாது, அந்தப் புள்ள சொன்ன சொல்லக் காப்பாத்திருச்சு. போன மாசம் கூட ஒரு வீடு எடுத்தேன். எதுல எடுத்தீங்கன்னு கேக்காதீங்க.

ஆனா அன்னிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சுங்க. அதச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

செருப்ப மாட்டிட்டு நிக்கறேன். பிலோமி போன் அடிக்குது. வீடியோ கால். மஸ்கட்ல இருந்து அந்த ரெண்டு பொம்பளைங்க. போட்டோ அவங்களுக்குப் போய்ச் சேந்துருச்சு. ஸ்பீக்கர்ல சத்தமா கேக்குது. ஒருத்தங்க அழுகற மாதிரி பேசறாங்க. "ஐயோ பிலோமி, நல்ல வேள அனுப்புன. நாளைக்குப் பணத்தக் கட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? மாமியார வெச்சுட்டு நான் என்ன பண்ணியிருப்பேன்?" இன்னொருத்தங்க கேட்டாங்க, "யாருடி எடுத்தா இத? இவ்வளவு தெளிவா, அளவு புரியற மாதிரி. உன் ஃபோன்ல எடுத்ததா?"

பிலோமி என்னப் பாத்துச்சு. நான் வாசல்ல நிக்கறேன்.

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க"ன்னுச்சு.

"அவங்க நம்பர் குடு. நாங்க இனிமே பாக்கற வீட்டையெல்லாம் அவங்களையே போய் எடுத்து அனுப்பச் சொல்றோம். இப்படி உண்மையா எடுக்கற ஆளு எங்க கெடைக்கறாங்க? கேட்டுச் சொல்லு பிலோமி. அவங்க பக்கத்துல இருந்தா இப்பவே கேளு."

"கேக்கறேன்"ன்னுச்சு. போன வெச்சுச்சு.

நான் நின்னேன் சார். கேக்கும்னு நின்னேன். கேட்டா உடனே சரின்னு சொல்லியிருப்பேன், அங்கியே, அப்பவே, ஒரு பைசா வாங்காம.

அந்தப் புள்ள என்ன ஒரு தடவ பாத்துச்சு. அம்மா சமையல்கட்டுல டம்ளர் கழுவற சத்தம் கேக்குது. "பாத்துப் போங்க, லிஃப்டு சில சமயம் நின்னுரும்"னு சொல்லிட்டு, கதவச் சாத்திக்கிச்சு.